அம்மாவுக்கு ஒரு முழுப் போட்டோ

ஞாயிற்றுக்கிழமை காலையில் செஞ்சிக் கோட்டைக்குள் போனால் பாறைக்கு ஒரு ஜோடி நிற்கும். கல்யாணத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளும் படம். பெண் தரையைக் கூட்டிப் பெருக்கும் நீளத்துக்கு ஊதா கவுன் போட்டிருப்பாள். மாப்பிள்ளை கொளுத்துகிற வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். "இன்னும் கொஞ்சம் லவ்வா பாருங்க பிரதர்" என்று கேமராக்காரர் கத்துவார். அவரும் பார்ப்பார். பாவம், பசியில் பார்ப்பது போலத்தான் இருக்கும். தலைக்கு மேலே டிரோன் சுற்றும். முதலில் அதைக் கண்டு ஓடிய குரங்குகள் இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முற்றுகை, பீரங்கி, பட்டினி எல்லாவற்றையும் தாங்கிய கோட்டை இதையும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

நானும் படம் எடுக்கிறவள்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறேன். இந்த ஊரில் படம் எடுக்கிறவர்களில் யாரையும் சிரிக்கச் சொல்லாதவள் நான் ஒருத்திதான். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வேன், அப்புறம் விடச் சொல்வேன். என் படத்தில் பட்டுப்புடவையும் தெரியாது, பவுடரும் தெரியாது. அப்படியும் சில பேர் தலைசீவிக்கொண்டு வருவார்கள். ஒரு அம்மா முழங்கால் எக்ஸ்ரேவுக்குப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். படம் என்றால் மனிதருக்கு அப்படி ஒரு ஆசை.

அந்த ஆசையை நான் அதிகமாகப் பார்த்தது என் அம்மாவிடம்தான்.

அம்மாவுக்குப் போட்டோவே இல்லை என்று சொல்ல முடியாது. ரேஷன் கார்டில் இருக்கிறது, ஓட்டு அட்டையில் இருக்கிறது, ஆதாரில் இருக்கிறது, நூறு நாள் வேலை அட்டையில் இருக்கிறது. எல்லாவற்றிலும் இப்போதுதான் கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி முழிப்பாள். பள்ளிக்கூடச் சுவரோரம் வரிசையில் நிற்கவைத்து, "அடுத்து, அடுத்து" என்று விரட்டி எடுத்த படங்கள் வேறு எப்படி வரும்? அவள் கல்யாணம் மேல்மலையனூர்க் கோயிலில் நடந்தது. ஒரு அமாவாசைக் கூட்டத்தில் தாலி கட்டி, அதே கூட்டத்தில் தொலைந்து, நைனா தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தாராம். போட்டோக்காரர் யாரும் வரவில்லை. அப்புறம் எத்தனையோ சொந்தக்காரக் கல்யாணங்கள், காதுகுத்துகள். எல்லா ஆல்பத்திலும் அம்மா இருக்கிறாள். ஒன்றில் தோள்பட்டை, இன்னொன்றில் சாம்பார் வாளியைப் பிடித்த கை, வேறொன்றில் யாரோ ஒருவர் காதுக்குப் பின்னால் அரைக் கண். வேலை செய்கிறவர்கள் படத்தின் ஓரத்தில்தான் விழுவார்கள். நடுவில் நிற்க அவர்களுக்கு நேரம் கிடைக்காது.

"நான் எடுக்கறேன்மா, நில்லு" என்று போனைத் தூக்கினால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"போன்ல இருக்கறது போட்டோ இல்லடி, அது போனு. செவுத்துல மாட்டுனாதான் போட்டோ."

இதில் அத்தைக்கும் பங்கு உண்டு. அத்தை என்றால் நைனாவின் தங்கை. அடுத்த தெருவில் இருக்கிறாள். மகன் வரவேற்பில் மாப்பிள்ளைக்குப் போட்ட சிம்மாசன நாற்காலியில், மாப்பிள்ளை சாப்பிடப் போன நேரம் பார்த்து உட்கார்ந்து, தனியாக ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அதை ஸ்டூடியோவில் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். பின்னால் பனிமலை. அத்தை திண்டிவனத்தைத் தாண்டி அதிகம் போனவளில்லை, ஆனால் படத்தில் சுவிட்சர்லாந்தில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த வீட்டுக்குப் போய்விட்டு வரும் நாளில் அம்மா எங்கள் வீட்டு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஒரு தபா, மூஞ்சி நல்லா தெரியற மாதிரி, நேரா நின்னுக்குனு, ஒரு முழுப் போட்டோ. நான் இன்னா ராஜகிரிக் கோட்டை மேல வூடா கட்டித் தரச்சொல்றேன்?"

எனக்குச் சுருக்கென்றது. ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டேன். அங்கே போய் எடுத்தால் காசு குடுத்து நாமே எடுத்துக்கொண்டது, அதிலென்ன பெருமை என்றாள். யாராவது தானாக வந்து, உன்னை எடுக்கிறேன் என்று கேட்டு எடுக்க வேண்டும். இப்படி ஒரு நிபந்தனையோடு இருந்த என் அம்மாவை நோக்கித்தான் சென்னையிலிருந்து ஒருவர் வந்துசேர்ந்தார்.

அவர் கலைப் புகைப்படக்காரர். கல்யாணக் கேமராக்காரரிடமிருந்து அவரைப் பிரித்தறிவது சுலபம். தாடி, கசங்கிய கதர் ஜிப்பா, படம் எல்லாம் கறுப்பு வெள்ளை. ராஜகிரிப் படிகளில் ஏறும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டே ஏறியிருக்கிறார். கணுக்கால் பிசகிவிட்டது. எங்கள் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் படம் எடுத்துக் கொடுத்தேன். எலும்பு முறிந்ததா என்று கேட்பார் என்று பார்த்தால், பிலிமை வெளிச்சத்தில் பிடித்து, "பியூட்டிஃபுல். என்னா டோன்ஸ்!" என்றார். என் தொழிலில் முதல்முறையாகப் பாராட்டு. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

டாக்டர் வரும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் அம்மா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். குதிகாலில் எலும்பு வளர்ந்து அவளுக்கு ரொம்ப நேரம் நிற்க முடியாது. செருப்பை உதறிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அவர் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எட்டிப் பார்த்தபோது பேச்சு நன்றாக வளர்ந்திருந்தது.

"அம்மா, நீங்க என்ன வேலை பண்ணீங்க?"

"இன்னா வேலை பண்ணல, அத்தக் கேளுங்க சார். நாத்து நட்டேன், களை எடுத்தேன், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புடுங்குனேன். ஊரான் கொல்லைதான். நமக்கேது நெலம்?"

"உங்கள நான் படம் எடுக்கலாமா? சென்னைல பெரிய ஹால்ல மாட்டுவோம். நிறையப் பேர் வந்து பார்ப்பாங்க."

அம்மா என் பக்கம் திரும்பினாள். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை. நான் பத்தாவது பாஸானபோதுகூட இந்த அளவுக்கு இல்லை.

கட்டு அவிழ்ந்து அவர் நடக்க ஆரம்பித்ததும் ஒருநாள் காலையில் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீடு அவருக்குப் பெரிய ஏமாற்றம். கிளிப்பச்சைச் சுவர், வாசலில் லட்சுமி படம் போட்ட டைல்ஸ், முன்னறையில் வாஷிங் மெஷின், அதன்மேல் மடித்த துணி. மண்சுவரைத் தேடி வந்த மனிதர் இதையெல்லாம் பார்த்து, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

"இதுக்கு முன்னாடி இருந்த வீடு?" என்று கேட்டார்.

"அத்த இடிச்சிதான் சார் இத்தக் கட்டுனோம்" என்றார் நைனா. நைனா அரிசி மில்லில் வாட்ச்மேன். இரவெல்லாம் விழித்திருப்பவர், பகலில் வருகிற யாரையும் அவருக்குப் பிடிக்காது.

"அடடா. கூரை வீடா?"

"ஆமா சார்."

"இருந்திருந்தா அருமையா இருந்திருக்கும்."

"ஐப்பசி மாசத்துல வந்து உள்ள படுத்துப் பாத்திருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும் சார், எவ்ளோ அருமைன்னு."

அவர் குறித்துக்கொள்வது போலத் தலையாட்டினார். அப்போதுதான் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். என் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டு. தலை நிறையக் கனகாம்பரம். கழுத்தில் அத்தையிடம் கெஞ்சி வாங்கிய இரட்டை வடச் சங்கிலி. அதைக் கழற்றிக் கொடுக்கும்போது, "போட்டோல நல்லா தெரியணும் அண்ணி, சும்மா வாங்கிக்குனு போவக்கூடாது" என்று அத்தை சொல்லியனுப்பியிருந்தாள். முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது. கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, எதையும் விடவில்லை. மேல்வரிசையில் ஒரு பல் போனது தெரியாமல் சிரிப்பதற்கு அந்த வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் பழகியிருந்தாள். அந்தச் சிரிப்போடு வந்து நின்றாள்.

புகைப்படக்காரர் முகத்தில் இரண்டாவது துக்கம்.

"அம்மா, வேலைக்குப் போறப்ப கட்டற சேலை இல்லையா? கொஞ்சம் பழசா?"

"இருக்குது சார். ஆனா அது பழசாச்சே?"

"அதான் வேணும். அதுலதான் உண்மை இருக்கு."

அம்மா யோசிக்கவே இல்லை. "உண்மைதான் சார் டெய்லியும் கட்டிக்குனு இருக்கறேன். இன்னிக்கி ஒரு நாளு இது இருக்கட்டும்."

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அவரும் சட்டென்று இறங்கி வந்துவிட்டார். சரி, சேலை இருக்கட்டும், கனகாம்பரமும் இருக்கட்டும், சங்கிலியும் இருக்கட்டும், செருப்பை மட்டும் கழற்றினால் போதும் என்றார். இவ்வளவு நல்ல மனிதரா என்று ஆச்சரியப்பட்டேன். பட்டுக்கும் சங்கிலிக்கும் அவர் சண்டை போடாத காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஊருக்கு வெளியே மல்லாட்டை பிடுங்கிய ஒரு கொல்லையில், பாறையோரம் நிற்கவைத்தார். அம்மா வாழ்நாளெல்லாம் குனிந்து நின்ற மாதிரியான கொல்லை. அன்று நிமிர்ந்து நின்றாள். அவரோ தரையில் படுத்துவிட்டார். ஜிப்பாவோடு, மண்ணில், கேமராவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு புழுவாக நெளிந்தார்.

"இன்னாடி இவரு படுத்துக்குனு எடுக்கறாரு?" என்று அம்மா சிரிப்பைக் கலைக்காமல் உதட்டோரத்தில் கேட்டாள்.

"கீழருந்து எடுத்தா ஆளு உசரமா தெரியும்மா" என்றேன். எனக்குத் தெரிந்த கேமரா ஞானம் அவ்வளவுதான்.

வெயில் ஏறியது. பாறையோரத்து மண் சுட்டது. குதிகால் வலியோடு வெறுங்காலில் அம்மா நின்றாள். அவர் மண்ணை அள்ளி அவள் பாதத்தின்மேல் தூவினார், தண்ணீர் தெளித்தார், மறுபடி மண் தூவினார். அம்மா கூச்சத்தில், "ஐயோ, நீங்க எதுக்கு சார் தொடறீங்க" என்று பின்வாங்கினாள். ஆனால் சிரிப்பை விடவில்லை. பவுடர் கரைந்து கழுத்தில் இறங்கியபோதும் விடவில்லை. நடுநடுவே சங்கிலியை மட்டும் முந்தானைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டாள், அத்தைக்குக் கொடுத்த வாக்குக்காக.

திரும்பும்போது டீக்கடையில் நின்றோம். அவர் மனம் விட்டுப் பேசினார். இன்றைக்கு எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது, எல்லோரும் எடுக்கிறார்கள், யாரும் பார்ப்பதில்லை என்றார். சோற்றை எடுக்கிறார்கள், ருசி பார்ப்பதில்லை. கோயிலை எடுக்கிறார்கள், கும்பிடுவதில்லை. இந்தக் காலத்தில் கலைப் புகைப்படம் எதற்கென்றால், நின்று பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்குத்தான் என்றார்.

அதில் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டையைப் பார்க்கிறவள் நான். அங்கே ராஜா கட்டிய கல்யாண மகாலை முதுகுக்குப் பின்னால் விட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு, கடைசிவரை திரும்பியே பார்க்காமல் இறங்கிப் போகிறவர்களை எனக்குத் தெரியும். உடம்பையே இழுத்து மெல்லிசாக்கி, மூக்கை நேராக்கி, நிறத்தைக் கழுவித் தருகிற போன் நம்மிடம் இருக்கிறது. இல்லாத ஆளையே உருவாக்கிக் காட்டுகிற கருவிகள் வந்துவிட்டன. இதற்கு நடுவில் ஒருவர் மண்ணில் படுத்து, இருப்பதை இருப்பதாக எடுக்கிறேன் என்றால் மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். நான் கொடுத்தேன். டீக்கு அவரே காசு கொடுக்கட்டும் என்றும் விட்டுவிட்டேன்.

மழைக்காலம் முடிந்து அவரிடமிருந்து என் போனுக்கு அழைப்பிதழ் வந்தது. சென்னையில் கண்காட்சி. அம்மாவின் படம்தான் நடுநாயகம் என்று எழுதியிருந்தார். அம்மா அதை முழுதாகப் படித்துக்காட்டச் சொல்லி, நடுநாயகம் என்ற இடம் வந்ததும் மறுபடி படிக்கச் சொன்னாள். மதியத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் அத்தை வந்து, "எங்க வூட்டு போட்டோவ விடப் பெருசா?" என்று விசாரித்தாள். "ஆளு ஒசரம் இருக்குமாம்" என்றாள் அம்மா. அத்தை அன்றைக்குக் காப்பி குடிக்காமல் போய்விட்டாள்.

வேன் பிடித்தோம். தெருப்பெண்கள், அத்தை, நைனா, நான், நடுவில் அம்மா. அதே பச்சைப் பட்டு, அதே சங்கிலி. படத்தையும் ஆளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று அம்மாவே யோசித்த ஏற்பாடு. நைனா மார்க்கெட்டில் ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு ஏறினார்.

"மாலை யாருக்கு?" என்றேன்.

"உங்கம்மா போட்டோவுக்கு."

வேன் முழுக்கக் கூச்சல். உயிரோடு இருக்கிறவள் படத்துக்கு மாலை போடுவார்களா என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "அப்ப எத்தினி நாளு வெயிட் பண்றது?" என்று நைனா கேட்டார். கடைசியில் மாலையைப் புகைப்படக்காரருக்குப் போடுவது என்று திண்டிவனம் வருவதற்குள் முடிவாயிற்று. புளிசோற்றை மேல்மருவத்தூர்ப் பக்கம் ஒரு மரத்தடியில் சாப்பிட்டோம். அம்மா மட்டும் பட்டில் எண்ணெய் பட்டுவிடும் என்று சாப்பிடவில்லை.

கண்காட்சிக் கூடத்தின் வாசலில் புகைப்படக்காரரின் முகம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது. தாடி முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கீழே அவர் எங்கே பிறந்தார், எங்கே படித்தார், எந்தெந்த நாட்டில் படம் மாட்டினார் என்றெல்லாம் அச்சடித்திருந்தது. உள்ளே போனால் குளிர். வெள்ளைச் சுவர். ஒரு சத்தமில்லை. எங்கள் கூட்டத்தின் வளையல் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. அங்கிருந்தவர்கள் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நின்று பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

சுவர் முழுக்க எங்கள் ஊர். ஆனால் ஊரில் ஒரு ஆள் இல்லை. பாறை, பாறையின் நிழல், இடிந்த சுவர், சுவரில் விரிசல், காய்ந்த குளம். பஸ் ஸ்டாண்ட் இல்லை, புரோட்டாக் கடை இல்லை. "குண்டு போட்டு எல்லாரும் செத்துட்டாங்களா?" என்று நைனா கேட்டார். தெருப்பெண்கள் ஒவ்வொரு படமாக ஓடி அம்மாவைத் தேடினார்கள். அம்மா தேடவில்லை. நடுவில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நேராக நடுச்சுவருக்குப் போனாள்.

நடுச்சுவரில் ஆளுயரத்துக்கு இரண்டு கால்கள் இருந்தன.

கணுக்காலிலிருந்து கீழே. பாளம்பாளமாக வெடித்த குதிகால்கள், வெடிப்புக்குள் மண், வளைந்துபோன சுண்டுவிரல், தேய்ந்த மெட்டி. பக்கத்தில் கிடந்த பாறையில் ஓடிய விரிசலும் குதிகாலில் ஓடிய விரிசலும் ஒரே கோடாகச் சேர்ந்து போயின. பாறை எங்கே முடிகிறது, கால் எங்கே தொடங்குகிறது என்று சட்டென்று பிடிபடவில்லை. மேல் விளிம்பில் பட்டுப்புடவையின் கரை ஒரு விரல் அகலத்துக்கு, பச்சை போய் சாம்பலாகத் தெரிந்தது. கீழே 'நிலம்' என்று பெயர் போட்டிருந்தது.

படம் நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். மோசமாக இருந்திருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். அந்தக் காலை எத்தனையோ முறை எக்ஸ்ரே எடுத்தவள் நான், எண்ணெய் தேய்த்துவிட்டவள் நான். அப்படிப் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் படத்தையே பார்த்தேன். அடுத்த நிமிஷம் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா படத்தைப் பார்த்தாள். அப்புறம் சட்டத்துக்கு மேலே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தாள், மீதி அங்கே எங்காவது இருக்குமோ என்பது போல.

"எங்கடி நானு?" என்றாள்.

நைனா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "காலு உங்கம்மாது தான். அந்தச் சுண்டுவெரலு கலப்பையில மாட்டுனது" என்றார். தெருப்பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சங்கிலி எங்க தெரியுது?" என்றாள்.

அம்மா முகம் சுருங்கிப்போயிற்று. தெருவையே கூட்டிக்கொண்டு வந்து, பட்டினியாக வந்து, இந்தக் காலைக் காட்டுகிறோமே என்ற வெட்கம் அவளுக்கு. வெடித்த காலை அவள் சொந்தக்காரர் வீட்டில்கூடப் புடவைக்குள் இழுத்து மறைத்துக்கொள்கிறவள்.

புகைப்படக்காரர் கைகூப்பிக்கொண்டு ஓடிவந்தார். "அம்மா, வாங்க வாங்க. பார்த்தீங்களா? எல்லாரும் அழறாங்க இதைப் பார்த்து."

"மூஞ்சி எடுக்கலீங்களா சார்?" என்று அம்மா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. இன்னொரு படம் உள்ளே எங்காவது இருக்கும் என்ற நம்பிக்கையோடுதான் கேட்டாள்.

"முகம் பொய் சொல்லும்மா. சிரின்னா சிரிக்கும். கால் பொய் சொல்லாது. உங்க முழு வாழ்க்கையும் இதுல இருக்கு."

எனக்கு அடக்க முடியவில்லை. "அப்ப வாசல்ல உங்க மூஞ்சிய எதுக்கு சார் ஒட்டி வச்சிருக்கீங்க? காலை ஒட்ட வேண்டியதுதானே? எக்ஸ்ரே என்கிட்டயே இருக்குது, கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"அது... கேட்டலாக்குக்காக" என்றார். ஒரு கலைஞருக்கு அவ்வளவு சீக்கிரம் வார்த்தை தீர்ந்துபோகும் என்று நான் நினைக்கவில்லை. நைனா அந்த நேரம் பார்த்து மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டார். வாங்கியாச்சு, வாடிவிடும் என்பதுதான் காரணம்.

அம்மா அந்தப் படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ஒரு பெண் குரல் கொடுத்தாள். கழுத்தில் மரமணி மாலை, கையில் விலை உயர்ந்த போன். "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா? அந்தக் காலை மறைக்கறீங்க."

அம்மா நகரப்போனாள். புகைப்படக்காரருக்கு உயிர் வந்தது. "ஐயோ, அந்தக் காலே இவங்கதான்!" என்று அறிவித்தார்.

அவ்வளவுதான். கூடம் முழுக்கத் திரும்பியது. "ஓ மை காட்" என்று ஒரு குரல், "ரியலா?" என்று ஒரு குரல். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோர் கையிலும் போன் எழுந்தது. "ஆன்ட்டி, செருப்பை மட்டும் கழட்டறீங்களா, ப்ளீஸ்?" என்றார்கள். அம்மா கழற்றினாள். இவ்வளவு பேர் தானாக வந்து கேட்கிறார்கள். அவள் முந்தானையைச் சரிசெய்தாள். சங்கிலியை வெளியே எடுத்துவிட்டாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். நேராக நிமிர்ந்து நின்று, பல் தெரியாத அந்தச் சிரிப்பைச் சிரித்தாள்.

அவர்கள் எல்லோரும் குனிந்தார்கள்.

குதிகால் வேண்டும் அவர்களுக்கு. சிலர் மண்டி போட்டார்கள். ஜீன்ஸ் போட்ட ஒருவர் முழங்கையை ஊன்றிக் கவிழ்ந்து படுத்தேவிட்டார். பட்டுச் சேலைக்காரிகள், கதர் ஜிப்பாக்காரர்கள், மரமணி மாலைக்காரி, ஒருத்தர் பாக்கியில்லாமல் தலையைத் தரைக்குக் கொண்டுபோய்ப் போனைக் காலருகே நீட்டினார்கள். நிமிர்ந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா அந்தத் தலைகளுக்கு நடுவே சிரிப்போடு நின்றாள். கேமரா ஒன்றாவது மேலே வரும் என்று காத்திருந்தாள்.

எனக்கோ எட்டி எல்லோரையும் உதைக்க வேண்டும் போலிருந்தது. என் கையில் போன்தான் இருந்தது, தூக்கினேன்.

அப்போதுதான் அம்மா கீழே பார்த்தாள். தன் காலடியில் இத்தனை பேர் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்துப் பதறிப்போனாள். அவள் வாழ்க்கையில் யாரும் அவள் காலில் விழுந்ததில்லை. எங்கள் வீட்டாருக்கு விழுந்துதான் பழக்கம், அதுவும் கொல்லைக்காரர் வாசலில். ஆனால் அப்படி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பழகிய சிரிப்பு போய்விட்டது. வாய் தானாகத் திறந்து, விழுந்த பல்லின் இடைவெளி தெரிய, வலதுகையைத் தூக்கினாள்.

"நல்லாயிருங்க. எல்லாரும் நல்லாயிருங்க. போதும், எய்ந்திரிங்கமா."

நான் எடுத்துவிட்டேன்.

திரும்பும் வழியில் வேனில் அத்தைதான் முதலில் என் போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் வேனே அதிரக் கத்தினாள். "அடியே, இங்க பாருங்கடி! மெட்ராஸ்காரங்க எல்லாம் எங்க அண்ணி கால்ல வுளுந்து கெடக்கறாங்க!" போன் சீட்டு சீட்டாகப் போயிற்று. நைனா வாங்கிப் பார்த்துவிட்டு வெளியே வயலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார், மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டார். அத்தை சொன்னாள், "இத்த அப்டியே பெருசா போடு அண்ணி. இத்தினி பேரு வுளுந்து கெடக்கறது யாரு வூட்டு செவுத்துல இருக்குது? என் போட்டோவெல்லாம் இதுக்கு முன்னால நிக்குமா?"

அம்மா போனைக் கடைசியாக வாங்கினாள். இரண்டு விரலால் படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கினாள். குனிந்த முதுகுகளும் நீட்டிய கைகளும் ஒவ்வொன்றாகத் திரைக்கு வெளியே போயின. கடைசியில் அவள் முகமும், சங்கிலியும், தூக்கிய கையும் மட்டும் மிச்சம். அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"இதுவரிக்கும் போதும்டி, செவுத்துக்கு. கீழ இருக்கறவங்கள வெட்டிடு. என் போட்டோல அவங்க எதுக்கு?"